சிவப்புக் கோடு விழுந்தால் அழிக்க வேண்டாம்

எழுதி முடித்துவிட்டேன் என்று அண்ணி என்னைக் கூப்பிட்டுக் காட்டிய முதல் கோப்பில் ஒரு பிழையும் இருக்கவில்லை. ஒரு எழுத்தும் இருக்கவில்லை.

"எங்க அண்ணி, காலைல இருந்து எழுதுனது?"

"செவப்புக் கோடு விழுந்துச்சு புள்ள. அழிச்சேன். வேற எடத்துல விழுந்துச்சு. அதையும் அழிச்சேன். இப்ப பாரு, ஒரு கோடு இல்ல. சுத்தமா இருக்கு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணியும் கூடச் சிரித்தார். ஆனால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நான் அடுத்து என்ன சொல்வேனோ என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணி குவைத்தில் ஒரு வீட்டில் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். அந்த வீட்டு மேடம் அதிகம் பேசமாட்டாராம். விரலால் தொட்டுக் காட்டுவாராம். மேசையில் ஓர் இடம், கண்ணாடியில் ஓர் இடம், சட்டைக் கழுத்தில் ஓர் இடம். விரல் பட்ட இடத்தில் அடுத்த நிமிடம் எதுவும் இருக்கக்கூடாது. கணினித் திரையில் ஒரு சொல்லுக்குக் கீழே சிவப்பாக நெளிந்து ஓடும் கோடு அண்ணிக்கு அந்த விரலாகத்தான் தெரிந்திருக்கிறது.

கணினியில் நிரல் எழுத ஏன் படிக்க வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தாய் இல்லாத மூன்று வருடமும் என் பக்கத்தில்தான் படுத்துத் தூங்கினாள். அண்ணி திரும்பி வந்த பிறகு அவர் கையால் சாப்பிட்டாள், தலை வாரிக்கொண்டாள், கொண்டு வந்த உடுப்பையெல்லாம் உடுத்திக்கொண்டு கொட்டகலை பஸாருக்கும் போய் வந்தாள். படுக்க மட்டும் என்னிடம் வந்துவிடுவாள். ஒருநாள் அண்ணி கேட்டே விட்டார்.

"அம்மாகிட்ட படுத்துக்கிறியா தங்கம்?"

"நீங்க திரும்ப போவீங்கதானே? அப்புறம் எனக்கு தூக்கம் வராது."

குழந்தை கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அண்ணன் எழுந்து வெளியே போய், துடைத்து வைத்திருந்த த்ரீவீலரை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். அவர் அட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அதை ஓட்டுகிறவர். அந்த வருமானத்தில் வீட்டுக்கு வைத்த கூரையே இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. வெளிநாட்டு ஏஜென்ட் அந்த வாரம்கூடப் போன் பண்ணி, நல்ல வீடு ஒன்று வந்திருக்கிறது, பாஸ்போட்டைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். குழந்தை சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

நான் கொட்டகலையில், போன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் ஆட்கள் வருகிற ஒரு கொமினிகேஷன் கடையில் டைப் அடித்துக்கொண்டு இருந்தவள். வீடியோ பார்த்துப் பார்த்து நிரல் எழுதப் பழகி, கொழும்பில் ஒரு சின்னக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே இணையப் பக்கங்கள் திருத்திக் கொடுக்கிறேன். அந்தக் கம்பனி இன்னொருவரையும் தேடியது. மாத முடிவில் ஒரு சோதனை என்றார்கள். அண்ணி ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தில் நல்ல கெட்டிக்காரி. குவைத்தில் அடுப்படியில் நின்றே அரபு பேசப் பழகியவர். கேட்டதும் ஒத்துக்கொண்டார். ஆனால் இப்படி எழுதுவதையெல்லாம் அழித்துக்கொண்டே போனால் சோதனையில் எதைக் காட்டுவது?

கோட் எடிட்டர் என்பது வெறும் எழுது பலகைதான். அதற்குத் தானாக எந்த நிரல் மொழியும் தெரியாது. நமக்கு எந்த மொழி வேண்டுமோ அதற்கான எக்ஸ்டென்ஷனை நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் பலகைக்கு அந்த மொழியில் கண் திறந்துவிடும். சொற்களுக்கு நிறம் கொடுக்கும், பாதி எழுதும்போதே மீதியை எடுத்துக் கொடுக்கும், பிழைக்குக் கீழே கோடு போடும். கோட்டின் மேல் அம்புக்குறியை வைத்தால் என்ன பிழை என்றும் சொல்லும். சொல்வது இங்கிலீஷில். அந்த இங்கிலீஷும் கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்தர் பேசுகிற மாதிரி இருக்கும்.

"எக்ஸ்பெக்டட்னு போட்டிருக்கே, யாரு எதிர்பாக்குறா?" என்று அண்ணி ஒருமுறை கேட்டார். இத்தனை வருடம் நான் அதைக் கேட்டதே இல்லை.

அண்ணி படித்த நிரல் மொழியின் எக்ஸ்டென்ஷன் யாரும் எடுத்துத் திருத்தக்கூடியதாகப் பொதுவில் இருந்தது. மாதா கோயில் படியில்தான் எங்கள் பக்கம் சிக்னல் ஒழுங்காக இருக்கும். அங்கே உட்கார்ந்து அதை இறக்கிக்கொண்டு வந்து பிரித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பின்னால் இருந்து நாம் எழுதுவதை வாசித்துப் பிழையைக் கண்டுபிடிக்கிறார். மற்றவர் அதை வாங்கி நமக்குக் காட்டுகிறார். ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண் உண்டு. நான் நடுவில் நின்று, எண்ணைப் பார்த்து, அந்த இங்கிலீஷை எடுத்துவிட்டு எங்கள் பேச்சை வைத்தால் போதும்.

முதலில் நான் வைத்தது புத்தகத் தமிழ். 'அடைப்புக்குறி மூடப்படவில்லை.' அண்ணி வாசித்துவிட்டு, "இது டிக்கோயா ஆஸ்பத்திரியில ஒட்டியிருக்கிற நோட்டீஸ் மாதிரி இருக்கு புள்ள" என்றார்.

எனக்கு ஜனங்கள் பேசுவதைக் கேட்டு மனதில் போட்டு வைக்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஞாயிற்றுக்கிழமை பீலியில் உடுப்புக் கழுவும்போது அந்தப் பழக்கத்தைக் கையில் எடுத்தேன். மலைத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டுகிற அந்த இடத்தில் தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். கம்ப்யூட்டர் என்று சொல்லாமல் கேட்டேன்.

"கதவ மூடாம ஒருத்தங்க வந்துட்டாங்க. எப்படிச் சொல்லுவீங்க?"

"கதவு தொறந்து கெடக்கு, சாத்திட்டு வந்துருங்கம்பேன்."

"தெரியாத பேரச் சொல்லி ஒருத்தர் தேடி வந்தா?"

"அந்தப் பேருல இங்க யாரும் இல்லீங்க, பேரு சரியான்னு பாருங்க."

"ஒருத்தர வேலைக்குன்னு கூப்பிட்டுட்டு வேலையே குடுக்கலன்னா?"

"அது என் மருமகன்!" என்று ஒரு அக்கா சொல்ல, பீலியே சிரித்தது. நிரலில் ஒரு பெயரை வைத்துவிட்டு அதை எங்கும் பயன்படுத்தாமல் விட்டால் வருகிற பிழைக்குத்தான் அதைக் கேட்டேன்.

'ரிட்டர்ன்' என்று எழுதியதற்குக் கீழே எதை எழுதினாலும் அந்த இடத்துக்கு நிரல் போகாது. அதற்கு என்ன சொல்வது என்று நான் சுற்றி வளைத்துக் கேட்பதற்குள், பக்கத்து வீட்டு அக்கா நுரைக்கையோடு சொன்னார்: "இதுக்கு மேல பஸ் போகாதுங்கன்னு போடு."

அவருக்கு இதில் ருசி பிடித்துவிட்டது. அன்று பின்னேரம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கொஞ்சம் ஏசுற மாதிரியும் போடு புள்ள. 'கண்ண எங்க வச்சுட்டு வந்த'ன்னு ஒண்ணு போடு. அப்பதான் சோக்கா இருக்கும்."

நானும் சரி என்று எழுதப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி திரும்பாமலே சொன்னார்.

"அது வேணாங்க அக்கா. அந்த மாதிரி பேச்ச மூணு வருசம் கேட்டுட்டேன். இதுலயாச்சும் மனுசங்க பேசட்டும்."

பக்கத்து வீட்டு அக்கா தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். போகும்போது என்னிடம், "ஒவ்வொண்ணுலயும் 'ங்க' சேத்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார். சேர்த்தேன். என்ன பிழை என்பதற்கு முன்னால் என்ன செய்யலாம் என்பது வரும்படியும் மாற்றினேன்.

முதல் தடவை எடிட்டரில் ஏற்றியபோது நான் எண்களைப் பார்க்கும் இடத்தில் ஒரு பிசகு விட்டிருந்தேன். எந்த வரியைத் தொட்டாலும் ஒரே செய்திதான் வந்தது: 'இதுக்கு மேல பஸ் போகாதுங்க.' அடுத்த வரி, 'இதுக்கு மேல பஸ் போகாதுங்க.' கோப்பு முழுக்க அதுவே.

"என்னா புள்ள, ஸ்ட்ரைக்கா?" என்றார் அண்ணி.

அன்றைக்குத்தான் அவர் அந்த மேசைக்கு முன்னால் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அடுத்தடுத்த நாட்களில் கோடு விழும்போது விரல் அழிக்கும் விசைக்குப் போகும், பிறகு அம்புக்குறி கோட்டுக்குப் போகும். வாசிப்பார். "ஓ, சாத்திட்டு வரலியா நானு" என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார். குழந்தை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "அம்மா யார்கூட பேசுறாங்க அத்தே?" என்று என்னைக் கேட்பாள்.

சோதனையை எடுக்கப் போகிறவர் கொழும்பில் இருக்கிற ஒரு சிங்கள அம்மா. சொந்த எக்ஸ்டென்ஷன் போட்ட எடிட்டரில் எழுதலாமா என்று முன்கூட்டியே அவரிடம் கேட்டேன். "அது அவங்க மேசை, அவங்களுக்கு வசதியானதை வச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்று காலை மலை முழுக்கப் பனிமூட்டம். இன்டர்நெட் சிக்னல் பெட்டியை, கொஞ்சமாவது பிடிக்கிற ஜன்னலில் அரிசி டின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, நான் சமைக்கிற சாக்கில் குசினிக்குள் போய்விட்டேன். பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆனால் குசினிக்குக் கதவு கிடையாது.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா வீடியோ கோலில் அண்ணியின் திரையைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார், அந்தத் தமிழ் என்ன சொல்கிறது என்று. அண்ணி சிங்களத்திலேயே விளக்கினார்: ஒருவரை வேலைக்கென்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு வேலை கொடுக்கவில்லையாம். மறுமுனையில் பெரிய சிரிப்பு. எங்கள் ஆபீஸிலும் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றார்.

அதற்குப் பிறகுதான் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். ஒரு வரியில் சிவப்புக் கோடு. அம்புக்குறி அதன் மேலேயே நிற்கிறது. செய்தியை வாசித்துவிட்டார், ஆனால் பிடிபடவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. அண்ணியின் விரல் அழிக்கும் விசைக்கு மேலே வந்து நின்றது. நான் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன்.

விரல் திரும்பிவிட்டது. அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "மிஸ், இது எனக்கு இன்னும் விளங்கல. ஆனா நான் இத அழிக்கல. மேல இருந்து வர வேண்டிய ஒண்ணு இங்க வந்து சேரலன்னு நெனைக்கிறேன். எங்க நிக்குதுன்னுதான் தெரியல."

"அப்படியே இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா. "அடுத்ததுக்குப் போங்க."

சில நாள் கழித்துப் பதில் வந்தது. மூன்று மாதம் பழகிப் பார்ப்போம், சரிவந்தால் தொடரலாம் என்று. அன்று அண்ணன் த்ரீவீலரை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமலே அண்ணியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "எறங்கி வாங்க, சோறு ஆறுது" என்றார் அண்ணி. எங்கள் வீட்டில் கொண்டாட்டம் அவ்வளவுதான்.

ஏஜென்ட் அடுத்த சனிக்கிழமை போன் பண்ணினார். எடுத்த அண்ணன், "அவகிட்டயே பேசுங்க" என்று நீட்டினார்.

"இல்லீங்கண்ணே," என்றார் அண்ணி. "வேல கெடச்சிருக்கு. ஆமாங்க, இங்கதான். வீட்டுலதான். இல்லீங்க, சம்பளம் அந்தளவு இல்ல. இல்லண்ணே, பாஸ்போட்டு பெட்டிக்குள்ளயே இருக்கட்டும். நான் போகல."

கடைசிச் சொல்லை இரண்டு தடவை சொன்னார். ஏஜென்டுக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அல்லது கீழே உட்கார்ந்து நிறம் தீட்டிக்கொண்டிருந்த ஆளுக்குக் கேட்க வேண்டும் என்றும் இருக்கலாம். அந்த ஆள் தலை நிமிரவில்லை. பென்சில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

மறுநாள் பூசை முடிந்து வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். குழந்தை என் கட்டிலிலிருந்து அவளுடைய தலையணையை எடுத்தாள். பிறகு வந்து போர்வையை எடுத்தாள். பகல் பதினொரு மணிக்கு, யாரும் சொல்லாமல், அடுத்த அறைக்குக் கொண்டுபோய் அம்மாவின் பாயில் சரிசமமாக விரித்தாள். அண்ணி அடுப்படியில் இருந்தார். கண்டும் காணாததுபோல வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தார். நல்ல வசதி, வெங்காயம்.

எனக்கு மட்டும் கட்டிலின் ஒரு பக்கம் திடீரென்று பெரிதாகிவிட்டது. மூன்று வருடம் இது நடக்க வேண்டும் என்றுதான் வேண்டினேன். நடந்தபோது சந்தோஷப்படக் கொஞ்சம் நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

மறந்துபோன கரடிப் பொம்மையை எடுக்க அவள் திரும்பி வந்தாள். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அத்தே, தனியா படுக்க உங்களுக்கு பயமில்லையா?"

"பயமாத்தான் இருக்கு."

யோசித்தாள். கரடியைப் பார்த்தாள். அதைக் கொடுக்க மனமில்லை என்று நன்றாகத் தெரிந்தது.

"அப்போ லைட்ட போட்டுட்டு படுங்க" என்றாள். "அப்பா ஏசுனா நான் சொல்லிக்கிறேன்."