இயந்திரக் கைக்கு ஒரு நாள் ஓய்வு

2025 அக்டோபர் 1, புதன்கிழமை, காலை ஒன்பது பத்து. வானம் மூட்டம், காற்றில்லை, புழுக்கம்.

திருவையாறு சாலையில் ஓர் அரிசி ஆலையின் பழைய கிடங்கில்தான் என் மருமகளின் ஆய்வுக்கூடம். உமிச் சாம்பலில் கட்டடப் பலகை செய்ய எந்தக் கலவை நல்லது என்று மூன்று இயந்திரக் கைகள் கலந்து பார்க்கின்றன. இங்கே ஒன்று, புனேயில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று. யார் எதைக் கலப்பது என்பதை ஒரு மென்பொருள் முடிவு செய்யும். ஒரு நாள் பதில் போகாவிட்டால், நம் பங்கை மற்ற இருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். பங்கு போனால் மருமகளின் வேலையும் போகும்.

அன்று ஆயுத பூஜை. ஆலைக்காரர் இயந்திரக் கைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்.

"ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டிக்கிறேன் அண்ணே," என்றாள் மருமகள்.

"அதெப்படிம்மா? நெல் அரைக்கிற மெஷினே சும்மா நிக்குது. இது மட்டும் என்ன, மாப்பிள்ளையா? நாளைக்கு ஓட்டிக்கங்க."

பத்து மணிக்கு அவள் கைப்பேசிக்கு உத்தரவு வந்தது. நாற்பத்தெட்டு குப்பிகள், ஒவ்வொன்றிலும் முப்பது சொட்டு காரக் கரைசல், மாலை ஆறுக்குள்.

மருமகள் என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்க முப்பத்தோரு வருஷம் காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுத்தவங்கதானே?"

சொட்டு விடும் கண்ணாடிக் குழாயை எடுத்தேன். "அதுவும் ஆயுதம்தானேய்யா?" என்று ஆலைக்காரரிடம் கேட்டேன். அதையும் தடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"அதுக்குத்தான் பொட்டு வைக்கலியே. நீங்க நடத்துங்க சார்."

இயந்திரம் மாலையோடு நின்றது. நான் அதன் வேலையைச் செய்தேன். பதினேழாவது குப்பியில் விட்டது முப்பதா முப்பத்தொன்றா என்று சந்தேகம் வந்து, கொட்டிவிட்டு மறுபடி விட்டேன். ஆக மொத்தம் ஆயிரத்து நானூற்று எழுபதோ, எழுபத்தொன்றோ. மருமகள் ஒவ்வொரு குப்பியையும் பேட்டரித் தராசில் நிறுத்து அனுப்பினாள். 'கையால் செய்தது' என்று குறிக்க மென்பொருளில் இடமே இல்லை. ஐந்து நாற்பதுக்கு முடித்தோம். பங்கு பிழைத்தது.

அடுத்த திங்கட்கிழமை சென்னையிலிருந்து மெக்கானிக் வந்து நின்றார். சொட்டுகளின் எடை ஏறி இறங்கியதைக் கண்டு மென்பொருளே அவரை அழைத்திருக்கிறது.

"கை நடுங்குதுன்னு கம்ப்ளெயின்ட் மேடம். ரொம்பப் பழைய மெஷினா?"

"போன வருஷம் வாங்கினதுங்க."

ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். ஒரு சொட்டுகூடப் பிசகவில்லை.

"இப்ப நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு என்னத்தைச் சாப்பிட்டுச்சோ!"

"பொரிகடலைதான்," என்றாள் மருமகள், சிரிக்காமல்.

நான் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பழுதே இல்லாத இயந்திரத்தின் பழுதுக்கு மருமகளின் அலுவலகம் பணம் தராதாம். வந்துபோன கட்டணம் நாலாயிரம், வரி எழுநூற்று இருபது. என் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தது, ரூ. 4,720.