ஆறு பேருக்கு ஒரு கிளாவிகார்ட்

கிளாவிகார்ட், பியானோவுக்கு மூத்த வாத்தியம். கட்டையை அழுத்தினால் ஒரு பித்தளைத் துண்டு எழும்பிக் கம்பியைத் தொடும். விரலை எடுக்கும்வரை கம்பி விரலின் பிடியில்தான் இருக்கும். குரல் மிகச் சன்னம்; பக்கத்தில் ஃபேன் ஓடினால் கேட்காது. இதை நான் வெளிநாட்டில் ஆறு வருடம் படித்தேன். படித்துவிட்டு வந்து குடியேறியது, படகு இன்ஜினும் ஐஸ் உடைக்கிற மெஷினும் கோயில் ஒலிபெருக்கியும் மாறி மாறிக் கத்துகிற பழவேற்காடு ஏரிக்கரையில். என் புத்திசாலித்தனத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கணவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. துறைமுகம் ஏரியை விழுங்கிவிடும் என்ற பயத்தில், அந்தப் பெயரைக் கேட்டாலே இங்கே பலருக்கு எரிச்சல் வரும். முதல் மாதம் யாரும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் சென்னையில் ஓர் இசைப்பள்ளி, கிராமத்துப் பெண்களுக்குப் பழைய மேற்கத்திய இசை சொல்லித்தரப் போகிறோம் என்று கிளம்பி, ஒரு கிளாவிகார்டை என்னிடம் இரவல் கொடுத்தது. ஆறு மாதம் கழித்துப் பள்ளியின் தலைவி வந்து இவர்கள் வாசிப்பதைக் கேட்பார். திருப்தியென்றால் வாத்தியம் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் திரும்பப் போய்விடும்.

கற்றுக்கொள்ள வந்த ஆறு பேரும் ஏரியில் கையால் இறால் பிடிக்கிற பெண்கள். பிடித்ததைப் போட்டுவைக்கிற ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் குந்தியபடி சேற்றைத் துழாவுவார்கள். விரலில் இறால் பட்டால் நசுக்கவும் கூடாது, நழுவ விடவும் கூடாது. நான் மூன்று வருடம் திட்டு வாங்கிக் கற்ற விரல் பதம் அவர்களுக்கு முதல் வாரமே இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று வலைக்காரர்கள் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் கை வைத்தால் ஊர் கூடிவிடும். வாத்தியம் ஒன்று, ஆள் ஆறு என்றதும் இவர்களும் சீட்டுப் போட்டார்கள். ஞாயிறு தவிர ஆளுக்கு ஒரு நாள். புயல் பாதுகாப்பு மையத்தின் மாடி அறையில் காலை ஒரு மணி நேரம் வாத்தியம் அன்றைய முறைக்காரியுடையது. மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கலாம், தொடக்கூடாது. ஒருநாள் வாசித்துக்காட்ட நான் கையை நீட்டினேன்.

"உங்க பேரு சீட்டுல இல்லியே டீச்சர்" என்றார்கள். அன்றிலிருந்து வாயால்தான் பாடம்.

தலைவி வருகிற நாள் தெரிந்ததும் அன்று யார் முறை என்று பார்த்தேன். அது வெற்றிலை அம்மாளின் நாள். எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிற அவர்தான் எங்களில் மூத்தவர். ஆறு மாதத்தில் கற்றது ஒரே ஒரு வரி. அதிலும் நடுவில் ஓரிடத்தில் தவறாமல் வழுக்குவார். எங்களில் கெட்டிக்காரியான ஒருத்தியைத் தனியே பிடித்துக் கெஞ்சினேன்.

"அன்னிக்கு மட்டும் நீ உக்காரேன்."

"அது அவங்க முறை டீச்சர்."

"அவங்களையே கேட்டுப் பாக்கலாமே?"

"கேட்டா குட்துடுவாங்க. அதான் கேக்கக்கூடாதுன்றேன்."

தலைவி வந்தார். ஃபேனை நிறுத்தினோம். வெற்றிலை அம்மாள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரமும் அதே வரி, அதே வழுக்கல். தலைவி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வேறு யாராவது?" என்று கேட்டார். ஐந்து பேரும் அசையவில்லை.

"ஆர்வம் தெரிகிறது" என்றார் தலைவி. எங்கள் துறையில் இதைவிடக் கேவலமான விமர்சனம் கிடையாது. வாத்தியத்தை எடுத்துப்போக அடுத்த வாரம் இதே நாள் வண்டி வரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் கெட்டிக்காரியிடம் கத்தினேன். நீ ஐந்து நிமிஷம் வாசித்திருந்தால் வாத்தியம் தங்கியிருக்கும் என்றேன். அவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஏரில எங்களுக்கு முறையே இல்ல டீச்சர். வலை வெச்சிருக்கறவங்களுக்குத்தான் சீட்டு. கையால புடிக்கறவ எங்க குந்துனாலும் எழுப்பி வுட்ருவாங்க. இங்கதான் எங்க பேரு எழுதுன சீட்டுனு ஒண்ணு இருக்குது. இன்னொருத்தி நாள்ல நானே போயி குந்துனா, அந்த வலைக்காரங்களுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?"

என் கோபம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் வெட்கமாக இருந்தது.

அந்த வாரமும் முறைப்படியே வகுப்பு நடந்தது. ஒருத்திகூட நாள் தவறவில்லை. சொன்னபடி வண்டி வந்தது. தலைவியும் கூட வந்திருந்தார். கயிறும் சாக்குமாக இரண்டு ஆட்கள் மாடிப்படி ஏறினார்கள். உள்ளே வெற்றிலை அம்மாள் வாசித்துக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கு வந்தேன்.

"மதியத்துக்குள்ள நான் சென்னை போகணும்" என்றார் தலைவி. அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு இன்னொரு இடத்தில் இந்த வேலை கிடைக்கும். அது இருவருக்கும் தெரியும்.

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு மேடம். அவங்க முறை முடியட்டும்" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கதவைச் சாத்திவிட்டு அதன் குறுக்கே நின்றுகொண்டேன்.