ஒன்பதுக்கு ஒன்பது

பாறசாலையில் நைட்டி தைத்துக் கொடுக்கும் ரத்னாபாய்க்கு வயது ஐம்பத்தொன்று. படிப்பு நாலாம் வகுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அதில் சாட்சி சொல்ல அவள் எழுந்தால் மற்றப் பெண்கள் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள், அது சீக்கிரம் முடியாது. கர்த்தர் தன்னிடமிருந்து கோபத்தை எடுத்துப் போட்டார், தன் நாவைக் காத்தார் என்று அடுக்குவாள். குறையைச் சொன்னால் தேவநாமத்துக்கு இழுக்கு அல்லவா?

மகள் அஞ்சு பிளஸ் டூவில் சைக்காலஜி எடுத்தபோது ரத்னாபாய் பயந்தாள். மனசில் இருப்பதெல்லாம் இனி மகளுக்குத் தெரிந்துவிடுமே. ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள். தான் ஒளித்து வைத்த பலாச்சக்கை வறுவல் டின் மூன்று மாதமாகியும் மகளிடம் அகப்படவில்லை என்று கண்டபின்தான் நிம்மதி.

வருடக் கடைசியில் அஞ்சு ஓர் ஆளிடம் ஒன்பது கேள்வி கேட்டு, மார்க் போட்டு, ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டியிருந்தது. டீச்சர் அதில் கையொப்பம் போடாவிட்டால் பிராக்டிகல் பரீட்சைக்கு உட்கார முடியாது. வேறு ஆள் கிடைக்காமல் அம்மாவைப் பிடித்தாள்.

"யாரைப் பத்தியாவது பின்னால பேசினதுண்டா?"

"சீ, இல்ல மக்களே."

"கோவம் வருமா?"

"கர்த்தர் எடுத்துப் போட்டாரு."

"செய்ய வேண்டிய வேலைய நாளைக்குன்னு மாத்தி வச்சதுண்டா?"

"ஒருநாளும் இல்ல." ஜெபக்கூட்டத்துக்கு வரும் பொன்னம்மை ஓணத்துக்குத் தைக்கக் கொடுத்த நைட்டித் துணி மெஷின்மேல் கிறிஸ்துமஸ் தாண்டியும் கிடந்தது.

மறுநாள் அஞ்சு முகத்தைத் தொங்கப்போட்டு வந்தாள். "டீச்சர் ஒப்பு போடல. ஒம்பது கேள்விக்கு ஒம்பதும் கிட்டியிருக்கு."

"பின்ன என்ன? ஃபுல் மார்க்குல்லா?"

"அம்மா, அது பொய்க்கு வச்ச மார்க்கு. ஒவ்வொரு 'இல்ல'க்கும் ஒண்ணு. இந்தத் தப்பெல்லாம் செய்யாத மனுசங்க கிடையாது. ஒண்ணுமே செய்யலன்னு சொன்னா அந்த ஆளு சொல்லுகது ஒண்ணையும் நம்ப முடியாதாம். நாளைக்குத்தான் கடைசி நாளு."

முப்பது வருடம் சாட்சி சொன்ன தன்னைப் பொய்க்காரி என்று ஒரு நோட்டுப் புத்தகம் சொல்லிவிட்டதே என்று ரத்னாபாய்க்கு ஆறவில்லை. ஆனாலும் பிள்ளையின் பரீட்சை. எழுந்துபோய் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பேரு எழுதுவியா?"

"இல்லம்மா. 'ர, ஐம்பத்தொண்ணு'. அவ்வளவுதான்."

"அப்ப கேளு."

"பின்னால பேசினதுண்டா?"

"பொன்னம்மையப் பத்தி. இன்னைக்குக் காலையிலயும்."

"மாத்தி வச்ச வேலை?"

"அவளுக்க நைட்டிதான்."

"கோவம்?"

"இப்ப ஒங்க டீச்சர் மேல இருக்கு. அதையும் எழுதிக்கோ."

"பொய்?"

ரத்னாபாய் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை சொன்னதக் கணக்குல எடுக்கணுமா?"

இந்த முறை பூஜ்யம். டீச்சர் மகிழ்ந்து ஒப்புப் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் பொன்னம்மை வீட்டில். பொன்னம்மை எழுந்து, தான் யாரையும் குறை பேசியதில்லை, யாரிடமும் கோபித்ததில்லை என்று அடுக்கிக் கண்ணீரோடு சாட்சி சொன்னாள். ரத்னாபாய் கண்ணை மூடி, முந்தானைக்குள் ஒவ்வொரு 'இல்லை'க்கும் ஒரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தாள். எட்டு வரை வந்தது. ஒன்பதாவதாக, "எனக்க துணிய வச்சு இழுத்தடிக்கிறவங்களையும் நான் மனசார மன்னிச்சாச்சு" என்றாள் பொன்னம்மை.

ரத்னாபாய் அதை மட்டும் எண்ணவில்லை. மற்றவர்களைவிடச் சத்தமாக ஆமென் சொன்னாள்.