செந்தில்முருகனின் நாலு மடங்கு ஸ்கோப்

முத்தையாபுரத்துச் செந்தில்முருகனுக்குக் கால் போனதை நினைத்துக் கோபம் வருவதில்லை. கரி லோடு லாரியின் மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று, கழுத்தில் தகடு வைத்தார்கள். அது நடந்து ஆறு வருடமாகிறது. இப்போது வீட்டிலிருந்தே இரண்டு போனை வைத்துக்கொண்டு லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கிறான். அரை மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவான். அதனால் படுக்கைப் புண் வந்ததில்லை. மூத்திரப் பையைத் தானே காலி செய்வான். சாப்பாடு, வருமானம், மனைவி முத்துச்செல்வியுடன் சண்டை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

அவனுக்குக் கோபம் வருவது, அவனுக்கு நல்லது செய்ய வருகிறவர்கள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காதபோது.

பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் இருந்தபோது பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் நன்றாகச் சுடுவான். விழுந்த பிறகு மாவட்டத் துப்பாக்கிச் சங்கத்தில் சேர்ந்தான். உப்பளங்களைத் தாண்டி இருக்கிறது அவர்களுடைய மைதானம். சுடுகிற ரைஃபிளும் சங்கத்தினுடையதுதான். மேசைமேல் மணல் பையில் அதை வைத்து, உட்கார்ந்து சுடும் போட்டி ஒன்று உண்டு. அதில் எல்லோரும் உட்கார்ந்துதான் சுட வேண்டும், இலக்கைப் பெரிதாகக் காட்டும் குழாயான ஸ்கோப்பும் வைத்துக்கொள்ளலாம். கால் இருக்கிறவனும் இல்லாதவனும் ஒரே பட்டியலில் வருகிற போட்டி அது ஒன்றுதான். வேறு மாவட்டங்களோடு மோதப் போகும் அணியில் நாலு பேருக்கு இடம். அந்த நாலில் ஒருவனாக வேண்டும் என்று செந்தில்முருகன் ஆசைப்பட்டான். பரிதாபப்பட்டு யாரும் தர முடியாத இடம் என்பதால் ஆசைப்பட்டான்.

ஸ்கோப் வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் மற்றவர்களுடைய ஸ்கோப்பையெல்லாம் இரவல் வாங்கிப் பார்த்தான். அதற்குத் துணை அஃப்ஸல் காக்கா. காயல்பட்டினத்துக்காரர் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), துபாயில் வேலை பார்த்துத் திரும்பியவர், சங்கத்தில் பழைய உறுப்பினர்.

"பெருசா காட்டுனா நல்லதுன்னு எல்லாரும் நெனைக்கான், தம்பி. நீ இதுல பாரு," என்று இருபத்துநாலு மடங்கு காட்டும் ஒன்றை முதலில் மாட்டினார்.

செந்தில்முருகன் பார்த்தான். "ஒண்ணும் தெரியல, காக்கா. ஓரத்துல கருப்பா வருது."

"தலைய கொஞ்சம் முன்னால கொண்டா."

"வந்தாத்தான கொண்டாருவேன்!"

அதுதான் விஷயம். தகடு வைத்த கழுத்து வளையாது. குழாய் எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறதோ, கண்ணை அவ்வளவு துல்லியமாக ஒரே இடத்தில் வைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் படம் மறைந்துவிடும். மடங்கைக் குறைத்தால் படம் வந்தது, ஆனால் மங்கலாக. அந்த ஸ்கோப் தூரத்தில் இருக்கும் இலக்குக்காகச் செய்தது. இவர்கள் சுடும் ஐம்பது மீட்டரில் தலை ஒரு விரல் நகர்ந்தால் உள்ளே தெரியும் குறுக்குக் கோடும் இலக்கின்மேல் நகர்ந்தது. ரைஃபிள் அசையவே இல்லை, கண்தான் அசைந்திருக்கிறது. கழுத்து சொன்னபடி கேட்கிறவர்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள். செந்தில்முருகனால் முடியாது.

கடைசியில் நாலு மடங்கு மட்டும் காட்டும் ஒரு சின்ன ஸ்கோப் அவனுக்குச் சரிப்பட்டது. மடங்கைத் திருகிக் கூட்டவோ குறைக்கவோ அதில் ஒன்றுமில்லை. பாயிண்ட் டூ டூவுக்கென்றே ஐம்பது மீட்டர் வாக்கில் சரிசெய்து வைத்தது. தலை இப்படி அப்படிப் போனாலும் படம் போகவில்லை. விலை ஒரு சுமாரான செல்போனில் பாதிகூட இல்லை. சென்னைக் கடையில் சொல்லி அதே மாதிரி புதிது ஒன்று வரவழைத்தான்.

"இது எலி சுடுத ஸ்கோப்புல்லா?" என்று சங்கத்தில் ஒருவன் கேட்டான்.

"ஆமா, எலிதான் சுடப் போறேன். நீ பக்கத்துல நிக்காத," என்றான் செந்தில்முருகன்.

அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அஃப்ஸல் காக்கா அதைச் சங்கத்து ரைஃபிளில் மாட்டி, திருகாணிகளை இறுக்கினார். குண்டு விழுகிற இடமும் கோடு காட்டுகிற இடமும் ஒன்றாகும்வரை செந்தில்முருகன் சுட்டுச் சுட்டுச் சரிசெய்தான். இனி இதை யாரும் தொடக்கூடாது என்று ஆயுத அறையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை சங்கத்துச் செயலாளர் தனபால் போன் செய்தார். உப்பள முதலாளி, வயது அறுபதுக்கு மேல், ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி.

"ஏலே செந்திலு, ஒனக்கு ஒரு சந்தோசமான சேதி. நம்ம சங்கத்துக்கு நன்கொட குடுக்குத முதலாளி ஒருத்தர் ஒனக்குன்னே பெரிய ஸ்கோப் ஒண்ணு வாங்கியிருக்காரு. ஞாயித்துக்கெழம அவரே வந்து கைல குடுக்காரு. அதுலதான் நீ சுடணும், என்ன?"

"அண்ணாச்சி, எங்கிட்ட ஸ்கோப் இருக்கு."

"அத எவம்ல கேட்டான்? அது எவ்வளவு, இது எவ்வளவு!"

"வெல எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எனக்கு அது கண்ணுக்குச் சேருமான்னு..."

"எல்லாம் சேரும், சேரும்," என்று அவர் வைத்துவிட்டார்.

செருப்பு வாங்கித் தருகிறவன்கூடக் கால் அளவைக் கேட்பான். செந்தில்முருகன் போனைக் கட்டிலில் எறிந்தான்.

முத்துச்செல்வி அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எதுக்கு இந்தக் கோவம்? வாங்கி வச்சிக்கிடுங்க. பொறவு வித்துருவோம்."

"ஏளா, அதுல சுடச் சொல்லுதாரு."

"சுட்டா என்ன?"

"தோத்துருவேன்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "அப்போ முடியாதுன்னு சொல்லுங்க."

"சொன்னா நன்றி கெட்டவம்பாங்க."

"சொல்லிட்டுப் போறாங்க. ஒங்கள தூக்கி உக்கார வைக்கது நானு. அவங்களா வந்து தூக்குதாங்க?"

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போய் இறங்கினார்கள். மைதானத்து வாசலிலேயே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. அதில் சக்கர நாற்காலியில் செந்தில்முருகன் படம், 'தன்னம்பிக்கை நாயகன்' என்று ஆள் உயர எழுத்து, பக்கத்தில் கும்பிட்டபடி நன்கொடை முதலாளி. இந்தப் படத்தை எப்போது எடுத்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனான்.

மேசைமேல் ரைஃபிள் தயாராக இருந்தது. ஆனால் அதன்மேல் அவனுடைய சின்ன ஸ்கோப் இல்லை. முழங்கை நீளத்துக்குப் பெரியதொன்று மாலை போட்டபடி உட்கார்ந்திருந்தது. அவனுடையது ஒரு துணிமேல், திருகாணிகளோடு ஓரமாகக் கிடந்தது.

செந்தில்முருகனுக்குக் காது சூடேறியது. ஒரு வாரம் முன்னால் சுட்டுச் சுட்டுச் சரிசெய்தது. கழற்றி எடுத்தால் அத்தனையும் போயிற்று. திரும்ப மாட்டினாலும் அதே இடத்தில் நிற்காது. தூங்குகிறவனின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் வேறு அறையில் விடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"யாரக் கேட்டுக் கழத்துனீய?" என்றான். சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

தனபால் அண்ணாச்சி ஓடி வந்தார். "ஏலே, மொதலாளி வாராரு, மெதுவா பேசு."

"வரட்டும். நான் கேக்குதது ஒங்ககிட்ட. என் பொருள எப்படித் தொட்டீய?"

"ஒன் நல்லதுக்குத்தானல?"

"நீங்க இதுல பாத்தீயளா? உக்காந்து பாருங்க."

"எனக்கு நல்லாத் தெரியுதே!" அண்ணாச்சி உட்கார்ந்து, கழுத்தை வளைத்து, கன்னத்தை ரைஃபிள் கட்டையில் வைத்துப் பார்த்தார். "கண்ணாடி மாரி தெரியுது!"

"குனியாதீங்க அண்ணாச்சி," என்றாள் முத்துச்செல்வி. ஆட்டோவில் வரும்போது புருஷன் போட்டுக்கொள்ளும் கழுத்துப் பட்டை அவள் கையில் இருந்தது. அண்ணாச்சி என்ன ஏது என்று கேட்பதற்குள் அதை அவர் கழுத்தில் மாட்டி, பின்னால் பட்டென்று ஒட்டினாள். "இப்போ பாருங்க."

"ஏ தாயி, என்ன செய்யுத? மூச்சு முட்டுதுல்லா!"

"மூச்செல்லாம் முட்டாது. நாடிய நேரா வச்சிப் பாருங்க. என்ன தெரியுது?"

அண்ணாச்சி பார்த்தார். உடம்போடு சேர்த்து முன்னால் சாய்ந்தார், பின்னால் வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார். சுற்றி நின்ற உறுப்பினர்களில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன தெரியுது அண்ணாச்சி?" என்றார் அஃப்ஸல் காக்கா.

"கருப்பா இருக்கு."

"அதத்தான் போன்ல சொல்ல வந்தேன். நீங்க வச்சிட்டீய," என்றான் செந்தில்முருகன்.

அண்ணாச்சி பட்டையைப் பிய்த்து எடுத்தார். ஆனாலும் விடவில்லை. "சரில, ஒனக்குச் சேரல. இன்னைக்கு ஒருநா இதுலயே சுட்டுரு. மொதலாளி சங்கடப்படுவாரு. அடுத்த வருசம் ஒன் இஷ்டம்."

இங்கேதான் செந்தில்முருகனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவருடைய சங்கடம் ஒரு மத்தியானம், இவனுக்குப் போவதோ ஒரு வருடம். "அப்படின்னா என் பேர அடிச்சிருங்க. அந்த ஸ்கோப்ப அவரே வச்சிச் சுடட்டும். என் படம் வாசல்ல இருக்குல்லா, அது போதும் ஒங்களுக்கு."

போட்டியை நடத்தும் அதிகாரி ஒரு பெண், பெயர் கிருபை, புன்னைக்காயல்காரி. அவள் கையைத் தட்டினாள். "ஸ்கோப் எதுங்கது சுடுதவங்க பாடு. ரூல் அதுதான், சார். செந்தில்முருகன், சோதனை ரவுண்டு அஞ்சுதான் தரலாம். கூடக் கேக்கக்கூடாது."

"கேக்கமாட்டேன்."

அஃப்ஸல் காக்கா பெரியதைக் கழற்றிச் சின்னதை மாட்டினார். முதல் குண்டு இலக்குத் தாளின் வெள்ளை ஓரத்தில் விழுந்தது, இடப்பக்கம், ரொம்பக் கீழே. செந்தில்முருகன் ஸ்கோப்பின் குறி மாற்றும் திருகை நகர்த்தினான். இரண்டாவது மேலே ஏறியது, ஆனால் இன்னும் இடப்பக்கம்தான். மூன்றாவது நடுக் கறுப்பின் ஓரத்தைத் தொட்டது. நாலாவதில் வலப்பக்கம் அதிகமாகப் போய்விட்டது. ஐந்தாவது சுடுவதற்கு முன் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கினான். கோபத்தோடு சுட்டால் விரல் இழுக்கும் என்று அவனுக்குத் தெரியும். கோபம் போகவில்லை, மூச்சை மட்டும் நிதானமாக்கினான். ஐந்தாவது ஒன்பது பாயிண்ட் வட்டத்தில் விழுந்தது. அதற்கு மேல் சரிசெய்ய ரவுண்டு இல்லை.

பிறகு போட்டிக்கான பத்து குண்டு, மொத்தம் நூறு பாயிண்ட். நடுவே முதலாளி வந்து இறங்கியதும், மாலையும் கைதட்டலும் நடந்ததும் அவன் முதுகுக்குப் பின்னால். அவன் திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. இரண்டு குண்டு கெட்டுப்போயின. மற்றவை ஒட்டி ஒட்டி விழுந்தன.

இலக்குத் தாள்களைக் கிருபை எண்ணி முடித்து, முடிவைத் தனபால் அண்ணாச்சியிடம் கொடுத்தாள். அவர் மைக்கைப் பிடித்தார். முதல் மூன்று பெயரையும் மளமளவென்று வாசித்தார். நாலாவது பெயர் வந்ததும் குரலைத் தழைத்துக்கொண்டார்.

"அடுத்ததா, விதியோட வெளயாட்டால தன் ரெண்டு காலையும் இழந்தும் மனந்தளராம..."

"அண்ணாச்சி!" என்று நாற்காலியிலிருந்து சத்தம் போட்டான் செந்தில்முருகன். "மத்த மூணு பேருக்கும் காலப் பத்தி ஒண்ணும் சொல்லலியே? எனக்கும் பாயிண்ட மட்டும் வாசிங்க."

அண்ணாச்சி தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"செந்தில்முருகன், எண்பத்தெட்டு. அணியில நாலாவது," என்று வாசித்துவிட்டு, அண்ணாச்சி அடுத்த போட்டியின் முடிவுக்குத் தாளைத் திருப்பினார்.