ஹால்வோர் சொல்லும் விநாடி

வலது கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டு, ஸ்டாப்வாட்ச்சின் பொத்தான் மீது இரண்டு முறை சூடாக ஊதுகிறார் ஹால்வோர். பொத்தான் உறைந்துவிடக் கூடாது. பிறகு, பனியின் மேல் விரித்திருக்கும் பழைய ரப்பர் மெத்தைத் துண்டில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றுகொள்கிறார். பந்தயப் பாதை மூன்றாவது கிலோமீட்டரில் செங்குத்தாக ஏறித் திரும்பும் முனையில் ஒரு ஊசியிலை மரம் இருக்கிறது. எங்கள் ஊர் எல்வ்மோ கிளப்பின் பிள்ளைகள் பனிச்சறுக்கு ஓடும் நாளெல்லாம் அவர் இருக்கும் இடம் அந்த மரத்தடிதான். பரிசு கொடுக்கும் இடத்தில் அவரைத் தேடுவது வீண்வேலை.

அவர் அங்கே நின்று செய்வது ஒரே காரியம். விநாடி சொல்வது. அரை நிமிடத்துக்கு ஒருவராகப் பிள்ளைகளை விடுகிறார்கள். காட்டுக்குள் போனபின் ஒவ்வொருவரும் தனி. முந்துகிறோமா பிந்துகிறோமா என்று ஓடுகிறவருக்குத் தெரியாது. பாதையோரம் யாராவது கடிகாரத்தைப் பார்த்துக் கழித்துச் சொன்னால்தான் உண்டு. சொன்னது காதில் விழுந்தால், ஓடும் பிள்ளை பனியில் ஊன்றும் இடது கைக் கோலை ஒரு சாண் உயர்த்திக் காட்டும். அந்த ஏற்றத்தில் பதில் பேச எவருக்கும் மூச்சு மிச்சமிருக்காது.

பாதையோரம் நிற்கிற பெற்றவர்கள் மற்றபடி யோக்கியர்களாக இருக்கலாம். பந்தயத்தில் மட்டும் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள். அதில் எங்கள் ஊரில் ஸ்வெய்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் மகள் வில்டே அரை நிமிடம் பின்தங்கி வந்தாலும், "மூணு செகண்டுதான்மா, மூணே மூணு, எட்டிப் பிடி" என்று தொண்டை கிழியக் கத்துவார். வில்டே சின்ன வயதிலேயே தகப்பன் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதை விட்டுவிட்டாள். பத்தடி தள்ளி நிற்கிற ஹால்வோர் சொல்வதுதான் அவளுக்குக் கணக்கு. எதிர் கிளப் பிள்ளைகள்கூட மூச்சிரைக்க அவர் பக்கம் முகத்தைத் திருப்புவார்கள். அவர்களுக்கும் சொல்வார்.

பிழைப்பும் அளப்பதுதான். ஆற்றங்கரை மர ஆலையில், காட்டை விற்கிறவருக்கும் வாங்குகிற ஆலைக்கும் நடுவே நின்று மரத்தை அளந்து எழுதுகிற ஆள் அவர். இருபத்திரண்டு வருடமாக இரண்டு தரப்பும் அவரைத் திட்டியிருக்கின்றன. அவர் எழுதிய அளவை ஒருவரும் மறுத்ததில்லை. 'சுமார்' என்ற சொல் அவர் வாயில் வராது. விருந்துக்கு எத்தனை பேர் என்று மனைவி கேட்டால், "பதினேழரை. ஒன்னு கைக்குழந்தை" என்பார். இதைச் சொல்லிச் சொல்லியே கிளப்பில் அவரை ஓட்டுவார்கள். மைதானத்தில் வாஃபிள் அப்பம் சுடும் மேசையில் அவர் தலை தெரிந்தால் போதும், "ஹால்வோர் வரார், மாவ அளந்து ஊத்துங்கப்பா" என்று ஒரு குரல் வரும். அவரும் கோபிக்காமல், பழுப்புப் பாலாடைக்கட்டியை மேலே வைத்து மடித்துக்கொண்டு, "போன தடவை வட்டம் அரை சென்டிமீட்டர் சின்னதா இருந்துச்சு" என்பார்.

பிப்ரவரி கடைசியில் நடந்த ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில்தான் எல்லாம் கெட்டது. தேசியப் போட்டிக்குப் போகும் மாவட்ட அணியில் நான்கு இடம். மூன்று நிரம்பிவிட்டன. நான்காவது இடம் எல்வ்மோவின் இரண்டு பெண்களில் அன்று முந்துகிறவளுக்கு: ஒருத்தி வில்டே, மற்றவள் ஹால்வோரின் மகள் தீரில். இரண்டு பேருக்கும் பதினைந்து வயது. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பயிற்சிக்குப் போகும்போது ஒரே ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதி பாதியாகத் தின்பார்கள். மார்பில் எண் ஏறிவிட்டால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டார்கள்.

காலையில் காரில் போகும்போது ஹால்வோர் மகளிடம் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் சொல்லுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"வேற மாதிரி சொல்லுன்னு நான் கேட்டேனா?" என்றாள் தீரில், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

தீரிலுக்கு நாற்பத்தொன்றாம் எண். வில்டேக்கு நாற்பத்து நான்கு. அதாவது வில்டே ஒன்றரை நிமிடம் கழித்துக் கிளம்புவாள். மரத்தடியில் தீரில் கடந்ததும் ஹால்வோர் பொத்தானை அழுத்தினார். ஒரு நிமிடம் முப்பது விநாடிக்குள் வில்டே வந்தால் அவள் முன்னால். தாண்டி வந்தால் பின்னால். இவ்வளவுதான் கணக்கு. எட்டு வயதுப் பிள்ளை போடும். மகள் போன திசையைப் பார்க்கக் கூடாது என்று கண்ணைக் கடிகாரத்திலேயே நட்டு வைத்திருந்தார். வில்டே ஏறி வந்தாள். கடிகாரம் ஒரு நிமிடம் முப்பத்தாறு காட்டியது.

"ஆறு! முன்னால!" என்று கத்தினார் ஹால்வோர்.

வில்டே இடது கோலை உயர்த்தினாள். முன்னால் இருக்கிறோம் என்று தெரிந்தவள் போல, மேட்டின் தலையில் தோளைத் தளர்த்தி ஒரு மூச்சு இழுத்துவிட்டு, இறக்கத்தில் மறைந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. முப்பத்தாறு கூடுதல். கூடுதலானால் பின்னால். மெத்தைத் துண்டிலிருந்து குதித்துப் பாதையோரமாக ஓடினார். நாலாவது எட்டில் பனி தொடைவரை உள்வாங்கியது. "பின்னால! வில்டே, பின்னால!" என்று கத்தினார். மைதானத்து ஒலிபெருக்கிப் பாட்டு கீழேயிருந்து வந்து அதை விழுங்கிவிட்டது. அவரை வெளியே இழுத்துவிட்டது ஸ்வெய்ன்தான். "என்னய்யா ஆச்சு, எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்றார்.

தீரில் இரண்டு விநாடி வித்தியாசத்தில் வென்றாள். ஆறு முன்னால் இருப்பதாக நினைத்து ஓடியவள் நாலு விநாடியைப் பிடித்திருக்கிறாள். ஆறு பின்னால் என்று தெரிந்திருந்தால் எவ்வளவு பிடித்திருப்பாள் என்று எங்கள் ஊரில் எல்லோருமே மனதுக்குள் கணக்குப் போட்டார்கள்.

ஹால்வோர் பனி ஒட்டிய கால்சட்டையோடு நேராக வாஃபிள் மேசைக்கு வந்தார். அங்கே எல்லோரும் இருந்தார்கள். "வில்டேகிட்ட நான் தப்பா சொல்லிட்டேன். ஆறு பின்னால இருந்தா. முன்னாலன்னு சொல்லிட்டேன்" என்றார். கரண்டி பிடித்திருந்தவர்கள்கூட அசையவில்லை. பயிற்சியாளர் குன்ஹில், எதையும் படபடவென்று முடித்துவிடுகிற பெண், "ஓரத்துல நின்னு கத்துறதெல்லாம் போட்டி விதில சேராது. கடிகாரம் சொன்னது சொன்னதுதான்" என்றாள். வில்டே கையிலிருந்த வாஃபிளை முழுதாகத் தின்று முடித்தாள். விரல்களைக் கால்சட்டையில் துடைத்தாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் தீரில் அழுதாள். "ஏன்ப்பா எல்லார் முன்னாலயும் சொன்ன? நான் ஜெயிச்சேன்னு இனி ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அப்பன் ஜெயிக்க வச்சான்னுதான் சொல்லுவாங்க."

"சொல்லாம இருந்திருக்க முடியுமா?"

கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முடியாது. அதான் கடுப்பா இருக்கு" என்றாள்.

அவரைத் தின்றது வேறொரு கேள்வி. நாக்குப் புரண்டதா, மனசு புரண்டதா? இருபத்திரண்டு வருடம் புரளாத நாக்கு, மகளுக்கு வேண்டிய நாளில், மகளுக்கு வேண்டிய பக்கமாகப் பார்த்து ஏன் புரண்டது? ஆலையில் ஒவ்வொரு மரத்தையும் இரண்டு தடவை அளந்தார். லாரிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள். எத்தனை தடவை யோசித்தும் அவருக்கே விடை தெரியவில்லை. பாவம், தெரிந்திருந்தால் ஒருவேளை தூக்கம் வந்திருக்கும்.

ஊர் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. கடையில் பார்த்தால் "குளிரு விடவே மாட்டேங்குது" என்றார்கள். ரொட்டி எத்தனை துண்டு, எண்ணிப் பார்த்தாயா என்று கேட்பதற்கு ஆளில்லை. சாவு விழுந்த வீட்டில்தான் கேலி நின்றுபோகும்; அப்படி நடந்துகொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் கிளப்புகளுக்கு இடையே தொடர் ஓட்டம். மூன்று பெண்கள் ஒரு அணி. முதலில் ஃப்ரீடா, அடுத்து தீரில், கடைசியில் வில்டே. ஹால்வோர் குன்ஹில்லிடம் போய், "மரத்தடில வேற ஆளப் போடு" என்றார்.

"வேற யாரைப் போடுறது? ஸ்வெய்னையா? அவன் வாயில மூணத் தவிர வேற எண்ணே வராது."

"வில்டேக்கு என் குரல் கேக்க வேணாம்."

"அப்ப வாய மூடிக்கிட்டு நில்லு" என்றாள் குன்ஹில். "அந்த மெத்தைல வேற யாரு நின்னாலும் பிள்ளைங்க வழி தவறிடுவாங்க."

பந்தயத்தன்று அவர் மரத்தடிக்குப் போகும்போது, கிளப் கொட்டகை வாசலில் பெண்கள் மூவரும் முகத்தில் கிளப்பின் நீலக் கோடு வரைந்துகொண்டிருந்தார்கள். தீரில் கன்னத்தை நீட்டிக்கொண்டு நிற்க, வில்டே நாக்கைக் கடித்தபடி கவனமாக இழுத்துக்கொண்டிருந்தாள். "அசையாத எருமை. கோணலா போனா அப்புறம் என்னச் சொல்லாத" என்றாள். தீரில் சிரிப்பை அடக்கினாள். அவர்கள் எப்போது சமாதானமானார்கள் என்று ஹால்வோருக்குத் தெரியாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒதுங்கி, சத்தம் போடாமல் கடந்து போனார்.

மரத்தடியில் மெத்தைத் துண்டின் மேல் நின்றார். கடிகாரத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஃப்ரீடா நான்காவதாக ஏறினாள். தீரில் இரண்டு பேரை முந்தி இரண்டாவதாக ஏறினாள், தகப்பனைப் பார்க்கவில்லை, பார்க்கிற நிலையில் அவளும் இல்லை. மகள் கடந்தபோது அவர் வாய் திறந்து மூடியது. கடைசிச் சுற்றில் எதிர் கிளப்பின் சிவப்புச் சட்டைப் பெண் முதலில் வந்தாள். அவள் மரத்தைத் தாண்டியதும், பைக்குள் கிடந்த கை தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது. அந்தப் பழக்கத்தை அவரால் நிறுத்த முடியவில்லை.

வளைவில் வில்டேயின் நீலத் தொப்பி தெரிந்தது. கீழே நின்ற ஸ்வெய்ன் இரண்டு கையையும் ஆட்டி, "மூணு! மூணே மூணும்மா! பிடிச்சிடலாம்!" என்று கத்தினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை, கோலும் உயரவில்லை. தலையைக் குனிந்து ஏறினாள். எச்சில் தாடையில் உறைந்து வெள்ளையாக இருந்தது. ஹால்வோர் உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவள் கடந்து போய்விட்டால் போதும் என்றிருந்தது.

மரத்துக்கு இரண்டு எட்டுக்கு முன்னால் வில்டேயின் தலை நிமிர்ந்தது. அந்த ஏற்றத்தில் இதுவரை எந்தப் பிள்ளையும் வீணாக்காத மூச்சை அவள் செலவழித்தாள்.

"ஹால்வோர். எவ்ளோ?"

அவர் கடிகாரத்தைப் பையிலிருந்து பிடுங்கி எடுத்தார். பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். "பதினொன்னு" என்றார். "பின்னால. பதினொன்னு பின்னால."

கீழே ஸ்வெய்ன் இன்னும் மூணு, மூணு என்று கத்திக்கொண்டிருந்தார். வில்டே இடது கோலை ஒரு சாண் உயர்த்திக் காட்டிவிட்டு, மேட்டின் தலையில் தோளைத் தளர்த்தாமல் இறக்கத்தில் பாய்ந்தாள்.