பிரெஞ்சுக் கவுன்சிலருக்கு ஒரு மனு

பிரான்சில் லியோன் நகரத்தை ஒட்டி ஒரு சிற்றூர். மதுரைக்குப் பரவை எப்படியோ, லியோனுக்கு அது அப்படி. அங்கே குடியுரிமை வாங்கிக் குடும்பத்தோடு இருக்கும் என் அக்கா, போன தேர்தலில் கவுன்சிலர் ஆனாள். ஜெயித்த அணியின் பட்டியலில் கடைசிப் பெயர். பொறுப்பு, ரோட்டோரப் பூச்செடிகள். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அது போதும். உசிலம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் பத்தடிக்குப் பிளெக்ஸ் எழுந்தது. 'பிரான்ஸை வென்ற எங்கள் மண்ணின் மகளே, வருக! வருக!' கீழே அவருடைய செல் நம்பர். கட்ட வந்தவர், "பாப்பா எப்பண்ணே வருது?" என்று கேட்டார். அப்பா காதில் விழாதது போல வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அக்கா ஊருக்கு வந்து ஐந்து வருடமாகிறது. அவள் வரவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. ஆனால் 'வா' என்று போனில் சொல்ல மட்டும் வீம்பு.

நம்பரைப் போட்டால் சனம் சும்மா இருக்குமா? மனுக்கள் வர ஆரம்பித்தன. தெருவிளக்கு எரியவில்லை, வாய்க்கால் அடைத்துக்கொண்டது. ஒருவருக்குப் பக்கத்து வீட்டுச் சேவலால் தூக்கம் போயிற்று. "மேல அனுப்பிருவோம்ணே" என்று அப்பா எல்லாவற்றையும் வாங்கி வைத்தார். அவற்றைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பும் வெட்கங்கெட்ட வேலை என் தலையில் விழுந்தது.

அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். அவளோ ஒவ்வொன்றுக்கும் தமிழில் பதில் அனுப்பினாள். 'தங்கள் மனு கிடைத்தது. தங்கள் தெரு எங்கள் ஊர் எல்லைக்குள் வரவில்லை. வருந்துகிறேன்.' சேவல் மனுக்காரர் அதைப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்துகொண்டு வந்தார். "எம்புட்டோ மனு எழுதியிருக்கேன் தம்பி. பதில்னு ஒண்ணு வந்தது இதான் மொதத் தடவ" என்று கண்கலங்கினார். சேவல் மறுநாளும் கூவியது.

அப்பா அந்த லேமினேட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அடுத்த வார மனுக்கட்டின் நடுவில் அவர் கையெழுத்தில் ஒரு மனு செருகியிருந்தது. 'மதிப்பிற்குரிய கவுன்சிலர் அவர்களுக்கு. எங்கள் வீட்டு மாடி அறை ஐந்து வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. நேரில் வந்து ஆய்வு செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கதவு எண் முதற்கொண்டு எழுதி, 'இப்படிக்கு' போட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. பெற்ற மகளிடம் விண்ணப்பமா? மற்ற மனுக்களோடு அதையும் படம் பிடித்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. "ஏதாச்சும் வந்துச்சா?" என்று அப்பா யாருக்காகவோ கேட்பது போல அவ்வப்போது கேட்டார். மூன்றாம் நாள் வந்ததை வாசித்துக் காட்டினேன். 'மேற்படி வீடு என் எல்லைக்குள்தான் வருகிறது. ஆடி மாசம் ஆய்வுக்கு வாரேன்ப்பா.'

அப்பா, பிளெக்ஸில் தூசி படிந்திருக்கிறது என்று ஈரத்துணி கேட்டார்.