பக்கத்துக்குப் பக்கம் டீச்சரின் படம்

அலுவலகத்தில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாடம் எடுத்தவளில்லை, யார் எழுதியதையும் திருத்தாமல் விடமாட்டாள், அந்தப் பாவத்துக்குக் கிடைத்த பட்டம். வீட்டிலேயே நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான இணையதளம் அது. படுத்த படுக்கையாய்க் கிடந்த கணவனை ஆறு வருடம் புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள். அந்தக் கையால் படுக்கைப்புண் பற்றி எழுதிய கட்டுரை, இணையத்தில் யார் தேடினாலும் முதலில் வந்து நிற்கும். சிவந்த இடத்தைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள் என்று அதில் இரண்டு முறை எழுதியிருந்தாள்.

அப்புறம் முதலாளிக்கு ஏஐ பைத்தியம் பிடித்தது. அதை வைத்தே ஒரு நாளைக்கு நாற்பது கட்டுரை!

"ஏஐ எழுதினதுன்னு தெரிஞ்சா, நெட்ல தேடுறப்போ நம்மளைக் கீழ தள்ளிட மாட்டாங்களா சார்?"

"யார் எழுதினாங்கன்னெல்லாம் பாக்க மாட்டாங்க டீச்சர். பிரயோஜனம் இருக்கா, அனுபவப்பட்டவங்க எழுதினதான்னுதான் பாப்பாங்க. அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே! எல்லாத்துக்கும் கீழ உங்க போட்டோவப் போட்டுடலாம். நீங்க படிச்சுப் பாத்து டிக் அடிச்சாப் போதும்."

சொன்னதில் பாதி உண்மை, அதுதான் வினை. முதல் வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். அடுத்த வாரம் தலைப்பை மட்டும். பிறகு அதுவும் இல்லை, டிக் மட்டும்தான். முடியாது என்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அத்தனை பக்கத்திலும் தன் முகத்தைப் பார்ப்பதில் உள்ளூர ஒரு குளிர்ச்சி, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாலே மாதத்தில் தேடலில் தளம் மண்ணைக் கவ்வியது. குப்பையோடு குப்பையாக அவளுடைய கட்டுரையும் எங்கோ அடியில் போய் விழுந்தது.

"ஏஐன்னு கண்டுபிடிச்சுட்டானுங்க" என்று முதலாளி பல்லைக் கடித்தான்.

"குப்பைன்னு கண்டுபிடிச்சுட்டாங்க சார்" என்றாள். வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த வாரமே அவளுடைய அக்கா போன் செய்தாள். படுக்கையில் கிடக்கும் மாமனாரைக் கவனிப்பது அக்காதான்.

"இடுப்புல லேசா சிவந்திருந்துச்சுடி. வேற எங்கயும் போகல, நேரா உன் சைட்டுலதான் பாத்தேன். எண்ணெய் வச்சு நல்லா அழுத்தித் தேய்க்கணும்னு போட்டிருந்துச்சு. நாலு நாள் தேய்ச்சேன். தோல் உரிஞ்சு குழியாயிடுச்சு. டாக்டர் என்னைத் திட்டின திட்டு இருக்கே!"

"ஐயோ, தேய்க்கவே கூடாதேக்கா! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"உன்கிட்டதானேடி கேட்டேன்? கீழ நீதானே சிரிச்சுக்கிட்டு இருந்தே."